மிஸ்ஸியின் தனித்தொட்டி

மிஸ்ஸி வீட்டில் துண்டு காயப்போட நான்கு கொடிகள் இருந்தன. முகம் துடைக்கும் துண்டுக்கு ஒன்று, பாத்திரம் துடைப்பதற்கு ஒன்று, தரைத்துணிக்குக் கொல்லைப்புறத்தில் ஒன்று. நாலாவது கொடி ஆமைகளுடையது. குடிவந்த முதல் நாள் இது தெரியாமல் கைக்கு எட்டிய கொடியில் என் துண்டைப் போட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது அது என் அறைக் கதவின் குமிழில் தொங்கியது, ஈரமாக, டெட்டால் வாசத்தோடு.

"அது ஆமையின்ர கொடி," என்றார். "உமக்கு ஒண்டும் வராது. உம்மட்ட இருந்து அதுகளுக்கு ஏதும் வந்திடக் கூடாது, அதுதான்."

நான் அதுவரை பலபேர் வீட்டில் ஒண்டியிருக்கிறேன். என்னால் திருட்டுப் போகும், வாடகை வராது, பெண்களுக்கு ஆபத்து என்றெல்லாம் பயந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். என்னால் ஆமைக்கு நோய் வரும் என்று பயந்தவர் அவர் ஒருவர்தான்.

மிஸ்ஸி என்பது பெயர் இல்லை. இந்த நாட்டில் நர்ஸுகளை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். அவர் வேலையை விட்டுப் பல வருஷமாகியிருந்தது. இருந்தாலும் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் அந்தச் சந்தில் எல்லாருக்கும் அவர் மிஸ்ஸிதான். ரயில்வே கிளார்க்காக இருந்த யாழ்ப்பாணத்து அப்பா வாங்கிப்போட்ட வீடு. முன்பக்கம் சிமெண்டு, பின்பக்கம் பலகை. கொல்லை வேலிக்கு அப்பால் கிள்ளான் ஆறு பால்தேத்தண்ணி நிறத்தில் போகும். வீட்டில் அவர் ஒருவர். பின்னறை எனக்கு. எனக்கு முன்னால் இருந்த மூன்று பேரும் அவருடைய சட்டதிட்டம் தாங்காமல் ஓடிவிட்டார்கள் என்று பிறகுதான் தெரிந்தது.

நான் அப்போது லோரி கெலிண்டான். டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து போய், போர்ட் கிள்ளான் கிடங்குகளில் சாமான் ஏற்றி, கோலாலம்பூரில் இறக்கும் வேலை. அதற்கு முன் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டு, செங்கல் சூளை, சாலாக் செலாத்தானில் ஒரு பட்டறை. தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை. தோட்டத்தை விட்ட பிறகு, முப்பது வயதாகியும் ஒரே இடத்தில் இரண்டு தீபாவளி கொண்டாடியதில்லை. அந்த வீட்டில் மூன்று கொண்டாடினேன். ஏன் என்று கேட்டால், யாரும் என்னைப் பார்த்துக்கொள்ளவில்லை, ஆனால் என் துண்டு எங்கே தொங்குகிறது என்று ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார். அது பிடித்திருந்தது.

மிஸ்ஸி முப்பது வருஷம் காசநோய் வார்டில் வேலை செய்தவர். அங்கே கற்றதை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். கரண்டிகளைக் கொதிக்கவைத்து எடுப்பார். கடிதம் வந்தால் உறையை வெயிலில் வைத்துவிட்டுப் பிரிப்பார். யாராவது வாசலில் இருமினால், "எத்தினை நாளா?" என்று கேட்காமல் விடமாட்டார். யாரோடு பேசினாலும் இரண்டடி தள்ளி நின்றுதான் பேசுவார். அதுதான் சந்தில் உள்ளவர்களுக்கு ஆகவில்லை.

பக்கத்து வீட்டு அக்காவின் கணவர் ரயில்வேயில் தண்டவாளக் கூலி. அவர் அப்பாவும் அதே. அக்கா ஒருநாள் வேலியோரம் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, ஒனக்கு அந்தம்மா தேத்தண்ணி எதுல ஊத்துது?"

"கிளாஸ்ல."

"எந்தக் கிளாஸ்ல? பிளாஸ்டர் சுத்தின கிளாஸ்லயா?"

"ஏன் கேக்கிறீங்க?"

"ஒரு கிளாஸ்ல மட்டும் காயத்துக்குப் போடற வெள்ளை பிளாஸ்டர் சுத்தி வச்சிருக்கு. நானே கண்ணால பார்த்தேன். அது நமக்குன்னு தனியா வச்சது. அவங்க ஜாஃப்னா, நம்ம தோட்டத்துக்காரங்க, தெரியும்ல? நீ சோத்துக்கு செத்தவன், எதுல குடுத்தாலும் குடிப்பே."

அன்று சாயங்காலம் கவனித்தேன். எனக்கு வந்தது வெறும் எவர்சில்வர் டம்ளர். பிளாஸ்டர் சுற்றிய டம்ளரில் மிஸ்ஸிதான் குடித்துக்கொண்டிருந்தார். கழுவும்போதும் அதைத் தனியாகக் கழுவி, தனி ஆணியில் மாட்டிய ஒரு பையில் போட்டார். இதை அக்காவிடம் சொன்னேன். "அப்படின்னா நம்ம கிளாஸு கூட அவங்க கிளாஸு ஒட்டக்கூடாதுன்னுதான்," என்றார். சொல்லிப் பயனில்லை.

ஆமைகள் எப்படி வந்தன என்பதை அவரே சொன்னார். போர்ட் கிள்ளானில் மீன் பிடிக்கும் சீனர் ஒருவர் அவருடைய வார்டில் ஒன்றரை வருஷம் கிடந்து பிழைத்து எழுந்து போனவர். மிஸ்ஸி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வாரம் ஒரு கோணிச்சாக்கோடு வந்து வாசலில் நின்றார். உள்ளே இரண்டு ஆமை, கண்டல் காட்டு முகத்துவாரத்தில் வலையில் விழுந்தவை. சூப் வைத்துக் குடித்தால் நெஞ்சுக்கு நல்லது என்று கையைப் பிசைந்துகொண்டு சொல்லியிருக்கிறார்.

"எனக்கு வெட்டத் தெரியாது எண்டு சொன்னன். தான் வெட்டித் தாறன் எண்டார். எனக்குச் சாப்பிடத் தெரியாது எண்டு சொன்னன். அதுக்குப் பிறகு ஒண்டும் சொல்லேல்லை, பாவம். சாக்கை வைச்சிட்டுப் போட்டார்."

ஒன்று பெரியது. நான் ஒருவனாகத் தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். மற்றது அதில் பாதிதான். இரண்டுக்கும் சாம்பல் நிறத் தலை, நுனியில் கொஞ்சம் மேல்நோக்கிய மூக்கு. சின்னதின் ஓட்டில் நீளவாக்கில் கறுப்புக் கோடுகள். கொல்லையில் துணி துவைக்கக் கட்டிய பெரிய சிமெண்டுத் தொட்டி இருந்தது. அதில் விட்டார். கங்கோங் கீரையும் வாழைப்பழமும் தின்றன. பெரியது ஒன்று, சின்னது ஒன்று. அதனால் தாயும் பிள்ளையும் என்று மிஸ்ஸி முடிவுசெய்தார். சந்தில் எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். வேறு எப்படி நினைக்க?

தாய் வருஷத்துக்கு ஒருமுறை முட்டை போட்டது. தொட்டியிலிருந்து ஏறி வர ஒரு பலகை சாய்த்து, பலகை முடியும் இடத்தில் மணல் கொட்டி வைத்திருந்தார். மோரிப் கடற்கரை மணல். நான் வந்த பிறகு ஜெஞ்சாரோம் பக்கம் லோரி போகும்போதெல்லாம் டிரைவரைக் கெஞ்சி, இரண்டு சாக்கு அள்ளி வருவது என் வேலையாயிற்று. பத்துப் பதினைந்து முட்டை போடும், கோழிமுட்டையை விட நீளமாக. மிஸ்ஸி ஒவ்வொன்றையும் புரளாமல் எடுத்து ஒரு மரப்பெட்டி மணலில் புதைத்து, வார்டில் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரைப் போல ஒன்றை அதில் குத்திவைப்பார். காலை ஆறு, மாலை ஆறு. சுவரில் கோடு போட்ட தாள், அதில் புள்ளி வைத்துப் புள்ளியை இணைப்பார். நோயாளியின் கால்மாட்டில் தொங்குமே, அதே மாதிரி.

ஒரு முட்டையும் பொரித்ததில்லை. மூன்று மாதம் கழித்துத் தோண்டினால் நாறும். மணல் சூடு போதவில்லை என்பார். அடுத்த வருஷம் சூடு கூடிவிட்டது என்பார். அதற்கடுத்த வருஷம் ஈரம்.

"ஆம்பள இல்லாம எப்படி மிஸ்ஸி பொரிக்கும்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"கடலுக்கை இருக்கேக்கையே சேர்ந்திருக்கும். சில சீவன்களுக்கு அது கன காலம் வயித்துக்கை கிடக்குமாம். புத்தகத்தில வாசிச்சனான்." பெட்டி மணலைக் கையால் நிரவினார். "ஒண்டு பொரிச்சாக் காணும். எனக்குப் பிறகு இதுகள் தனிச்சுப் போகாது."

அவர் வேண்டியது அவ்வளவுதான். பணத்தைப் பற்றியோ சொந்தக்காரர்களைப் பற்றியோ அவர் ஆசைப்பட்டு நான் கேட்டதில்லை. ஒரு குஞ்சு.

இனி நோயைப் பற்றிச் சொல்கிறேன். தைப்பூசம் முடிந்து சில வாரங்களில் சின்ன ஆமைக்கு அது வரும். முதலில் கன்னத்தில் வெளுக்கும். பிறகு சாம்பல் நிறத் தலை முழுவதும் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெள்ளையாகிவிடும். இரண்டு கண்ணுக்கும் நடுவே மூக்கிலிருந்து உச்சிவரை ஒரு பட்டை சிவந்து வரும், தோலுரிந்த புண்மாதிரி. பெரியதுக்கு ஒன்றும் வராது. ஆமைகளை வைத்த முதல் வருஷமே இது வந்ததாம். மிஸ்ஸி தன் வாழ்நாள் முழுக்கச் செய்ததையே செய்தார். பிரித்தார்.

கொல்லையின் அந்தக் கோடியில், கிணற்றடிச் சுவருக்கு மறைவாக, ஆஸ்பத்திரியில் கழித்துப்போட்ட பழைய குளியல் தொட்டி ஒன்று வைத்திருந்தார். அதுதான் தனித்தொட்டி. தனி வாளி, தனி ரப்பர் கையுறை. நோய்ப்பட்ட சின்னதை அதில் விட்டு, தினம் காலையில் தலையில் ஊதா மருந்து தடவுவார், புண்ணுக்குப் போடுவோமே, விரலில் பட்டால் ஒரு வாரம் போகாதது. பிடித்துக்கொள்வது நான். அது தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும். நாங்கள் காத்திருப்போம். மெல்ல நீட்டும்போது பஞ்சால் ஓர் ஒற்று.

தனித்தொட்டிக்குப் போன நாளிலிருந்து அது சும்மா இருக்காது. பகல் முழுவதும் முன்காலை எழுப்பி, நகத்தால் தொட்டியின் எனாமலைச் சுரண்டிக்கொண்டேயிருக்கும். அறையில் படுத்தால் எனக்கு அந்தச் சத்தம் கேட்கும்.

"சொறியுது போல. கடியாக் கிடக்கும்," என்பார் மிஸ்ஸி.

இந்தப் பக்கம் பெரியது பலகையில் ஏறி வந்து, மணலில் நின்று, சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

"தாய்க்குத் தெரியும், பிள்ளைக்குச் சுகமில்லை எண்டு."

இரண்டரை மாதத்தில் வெள்ளை மங்கும். சிவப்பு வடியும். தலை பழையபடி சாம்பலாகும். "சுகம் வந்திட்டுது," என்று தாயோடு சேர்த்துவிடுவார். அன்றைக்குப் பாயசம் வைப்பார். எனக்கும் கிடைக்கும். ஒவ்வொரு வருஷமும் இதே நோய், இதே மருந்து, இதே பாயசம். ஒரு வருஷம்கூடத் தோற்றதில்லை. அவர் முகத்தில் நான் பெருமையைப் பார்த்தது அந்த ஒரு நாளில்தான்.

பக்கத்து வீட்டு அக்காவுக்குப் பேரன் பிறந்தான். தீபாவளியன்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, முறுக்குத் தட்டோடு அக்கா மிஸ்ஸியின் வாசலுக்கே வந்துவிட்டார். அது பெரிய மனசு. மிஸ்ஸி கதவைத் திறந்தார். பிள்ளையைப் பார்த்ததும் ஓர் எட்டுப் பின்னால் போனார். இடுப்பிலிருந்து கைக்குட்டையை உருவி மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டார்.

"நல்ல பிள்ளை. கொண்டு போங்கோ, காத்துப் படும்," என்றார் துணிக்குள்ளிருந்து.

அக்கா தட்டைப் படியில் வைத்துவிட்டுப் போனார். போகிற வழியில் சத்தமாகவே சொன்னார்: "பீ நாத்தமா அடிக்குது எம்பேரன் மேல? கைய நீட்டி ஒருதரம் தொட்டா ஒட்டிக்குமா?"

மிஸ்ஸி கதவைச் சாத்தினார். கைக்குட்டையைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டார். நானும் அன்றைக்கு அவர்மேல் கோபமாகத்தான் இருந்தேன்.

அந்த மழைக்காலத்தில் எனக்கு இருமல். பத்து நாள் விடவில்லை. மிஸ்ஸி என்னை டாக்சியில் ஏற்றித் தன் பழைய ஆஸ்பத்திரிக்கே கூட்டிப்போய், நெஞ்சுப் படம் எடுக்கவைத்துத்தான் விட்டார். படத்தை வீட்டில் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஒண்டுமில்லை. சிகரெட்டை விடும்."

பிறகு அலமாரிக்குப் போய் இன்னொரு படத்தை எடுத்துவந்து பக்கத்தில் பிடித்தார். பழுப்பேறிப்போன படம். இடப்பக்கம் மேலே, கட்டைவிரல் வைத்து அழுத்தியதுபோல ஒரு வெள்ளை.

"இது?"

"என்ர. வார்டுக்குப் போய் ரெண்டாம் வருஷம். இருபத்திமூண்டு வயசு." வானிலையைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார். "அதே வார்டில பதினொரு மாசம் கட்டில்ல கிடந்தன். பிறகு சுகம் எண்டு எழுதித் தந்தவை. எழுதித் தாறவைக்கு என்ன? திரும்பி வந்தவையையும் நான் பாத்திருக்கிறன்."

"கலியாணம் கேட்டு வரலயா மிஸ்ஸி?" கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டேன்.

"வந்தவை. நல்ல ஆக்கள். படத்தைக் காட்டினன்." இரண்டு படங்களையும் தனித்தனி உறையில் போட்டார். "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போட்டினம்."

அப்போதுதான் பிளாஸ்டர் டம்ளர் எனக்குப் புரிந்தது. யாரிடமிருந்து யாரை அவர் பிரித்து வைத்திருக்கிறார் என்பதும். அக்காவிடம் சொல்லலாமா என்று கேட்டேன். "ஏன்? அவ பயப்பிடவோ?" என்றார்.

அதற்குப் பிறகு கொஞ்ச காலத்தில் நான் கிளம்பிவிட்டேன். காரணம் ஒன்றும் இல்லை. எனக்கு எப்போதுமே இருந்ததில்லை. கிழக்குக் கரையில் சாலை போடுகிறார்கள் என்று ஒரு லோரிக்காரர் சொன்னார், ஏறிவிட்டேன். சாலை, பிறகு மரக்கட்டை ஆலை, பிறகு திரெங்கானுவில் ஓர் ஆற்று முகத்துவாரத்தில் மீனுக்கு ஐஸ் உடைக்கும் வேலை. ஐந்து வருஷம் போயிற்று. மிஸ்ஸிக்கு நான் ஒரு கடிதம்கூட எழுதவில்லை. போட்டால் உறையை வெயிலில் வைப்பாரே என்று நினைத்துச் சிரித்துக்கொள்வேன், அவ்வளவுதான்.

ஒரு மார்ச் மாதக் காலை, வயதான மலாய் மீனவர் ஒருவர் வலையை உதறிக்கொண்டிருந்தார். வலையில் ஓர் ஆமை. சுண்ணாம்பு வெள்ளைத் தலை. நெற்றியில் சிவப்புப் பட்டை.

"சாக்கிட்," என்றேன். நோய் என்று. "இதுக்கு மருந்து இருக்கு பெரியவரே. ஊதா மருந்து."

கிழவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ஐஸ் பெட்டிகளுக்குப் பக்கத்திலிருந்த ஆட்களை எல்லாம் கூப்பிட்டு, நான் சொன்னதைத் திரும்பச் சொல்லச் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். கிழவர் ஆமையை என் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"இது துந்தோங் ஆமை. ஆண். பொண்ணு தேடற காலத்துல ஆணுக்குத் தலை இப்படி வெளுக்கும், பட்டை செவக்கும். மாப்பிள்ளை வேஷம்டா இது! ஒனக்குக் கலியாணம் ஆயிடுச்சா?"

"இல்ல."

"அதான் தெரியல." மறுபடியும் சிரிப்பு. "பொட்டை பெருசா இருக்கும். இதுமாதிரி ரெண்டு பங்கு. காலம் முடிஞ்சா இவன் தலை மறுபடி கறுத்துடும். மருந்தாம் மருந்து!" அவர் ஆமையை ஆற்றில் விட்டார். அது ஒரே முங்கில் மறைந்தது.

அந்த நாட்களில் கரையோரம் அந்த ஆமைகளைப் பார்ப்பது பெரிய விஷயமில்லை. முட்டையை மூட்டையாகக் கட்டிச் சந்தையில் விற்றார்கள். இப்போது அந்த இனமே இருக்குமோ இருக்காதோ என்ற நிலைக்கு வந்துவிட்டது என்கிறார்கள். நான் அன்றைக்கு இனத்தைப் பற்றி நினைக்கவில்லை. எனாமலைச் சுரண்டும் சத்தம்தான் காதில் கேட்டது. சம்பளத்தை வாங்கிக்கொண்டு மறுநாள் பஸ் ஏறினேன்.

மிஸ்ஸி என்னைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. "செருப்பை வெளியில விடும்," என்றார். தலை நரைத்துச் சின்ன உருவமாகியிருந்தார். கையில் ரப்பர் கையுறை, விரல்களில் ஊதா. "நல்ல நேரம் வந்தீர். பிடிக்க ஆளில்லாமக் கஷ்டப்பட்டனான். இந்த முறை வருத்தம் கடுமையாக் கிடக்கு."

கிணற்றடிச் சுவருக்குப் பின்னால் போனேன். தனித்தொட்டியில் சின்னது. வெள்ளைத் தலையில் பாதி ஊதா. சுரண்டிக்கொண்டிருந்தது.

"மிஸ்ஸி, இது சீக்கு இல்ல."

"பிறகென்ன?"

சொன்னேன். கிழவர் சொன்னதை அப்படியே சொல்ல வாய் வரவில்லை. ஆண், பெண், காலம் என்று எப்படியோ சுற்றிச் சொன்னேன். இது பிள்ளையும் இல்லை, அது தாயும் இல்லை என்றேன். அவர் கையுறையைக் கழற்றவில்லை.

"எத்தினை கண்டனீர்?"

"ஒண்ணு. ஆனா அங்க எல்லாருக்கும் தெரியும் மிஸ்ஸி. சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியுது."

"மருந்து ஒண்டும் போடாமல் எத்தினை நாளில வெள்ளை போகுதாம்?"

நர்ஸ் அல்லவா. நான் யோசித்தேன். "ரெண்டு மாசம், மூணு மாசம்னு சொன்னாங்க."

அவர் உள்ளே போனார். ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். ஒவ்வொரு வருஷமும் நோய் கண்ட நாள், சுகமான நாள். திண்ணமான சின்ன எழுத்தில். விரலை வைத்து வரி வரியாகப் போனார். எழுபத்திரண்டு நாள். எழுபத்தெட்டு. எழுபத்தைந்து. மருந்து தீர்ந்துபோய் இரண்டு வாரம் தடவாமல் விட்ட வருஷம் ஒன்று இருந்தது. அந்த வருஷமும் எழுபத்தாறு. அந்த வரியில் விரல் நின்றது.

நோட்டை மூடினார். தொட்டி ஓரத்தில் உட்கார்ந்தார். அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை, தனித்தொட்டியின் ஓரத்தில், கட்டிய சேலையோடு.

"வருத்தமே இல்லாததுக்கு மருந்து போட்டிருக்கிறன்," என்றார். "ஒவ்வொரு முறையும் அந்த நேரம் பாத்துப் பிரிச்சு வைச்சன்."

நான் குனிந்து ஆமையைத் தூக்கிக்கொண்டு நின்றேன். அவர் எழுந்து எனக்கு முன்னால் நடந்தார். பெரியது வழக்கம்போல மணலில் நின்றுகொண்டிருந்தது. சின்னதைச் சிமெண்டுத் தொட்டியில் இறக்கினேன். பெரியது திரும்பிப் பலகையில் சறுக்கித் தண்ணீரில் விழுந்தது. ஊதா முகத்தோடு சின்னது அதன் மூக்குக்கு நேரே போய் நின்று தலையை மேலும் கீழும் ஆட்டியது.

"மாப்பிள்ளைக்கு நல்லா பவுடர் போட்டு விட்டிருக்கீங்க மிஸ்ஸி," என்றேன்.

"சீ! வாயை மூடும்."

பின்வாசலில் தொட்டியைப் பார்த்து ஒரு பிரம்பு நாற்காலி எப்போதும் கிடக்கும். மிஸ்ஸி அதை எடுத்து வேலிப் பக்கமாகத் திருப்பிப் போட்டார். அந்த இரண்டு மாதமும் அது ஆற்றைப் பார்த்தபடியே கிடந்தது.

அன்று சாயங்காலம் தேத்தண்ணி வந்தது. எனக்கு வெறும் டம்ளர். அவருக்குப் பிளாஸ்டர் டம்ளர். துணிந்து சொன்னேன்: "மிஸ்ஸி, ஆமைக்கு நெனச்ச மாதிரிதான் ஒங்களுக்கும். எத்தன வருஷம் ஆச்சு. ஒங்களுக்கு ஒண்ணும் இல்ல."

அவர் ஊதிக் குடித்தார். "ஆமைக்குப் படம் எடுக்கேல்லை," என்றார். "எனக்கு எடுத்தது."

பிறகு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். மிஸ்ஸி இறந்தபோது நான் குவாந்தானில் இருந்தேன். செய்தி தெரிய மூன்று வாரமாயிற்று. வந்தபோது வீடு பூட்டிக் கிடந்தது, தொட்டி காய்ந்து கிடந்தது. இப்போது அந்த இடத்தில் வீடும் இல்லை, சந்தும் இல்லை. பெரிய ஸ்டேஷன் வேலை வந்து எல்லாம் போயிற்று. அன்றைக்கு அக்காதான் சொன்னார்: சாவதற்கு ஒரு மாதம் முன் மிஸ்ஸி அந்தப் போர்ட் கிள்ளான் சீனரை வரவழைத்து, ஆமைகளை எந்த முகத்துவாரத்தில் பிடித்தாரோ அங்கேயே விடச்சொல்லி ஒரு வேனில் ஏற்றி அனுப்பினாராம். தானும் முன்சீட்டில் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாராம். எவர்சில்வர் டம்ளர்களை எல்லாம் அக்காவுக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

"அந்தப் பிளாஸ்டர் கிளாஸையுமா?"

"அதையும்தான். கொதிக்கிற தண்ணில ஒரு மணி நேரம் போட்டுட்டு எடுன்னு சொல்லிச்சு தம்பி. எனக்கு அப்பத்தான்..." பேரன் அந்த டம்ளரில்தான் பால் குடித்துக்கொண்டிருந்தான்.

ஆமைகளைச் சேர்த்துவிட்ட அந்த வருஷத்துக்கு வருகிறேன். ஜூனில் பெரியது பதினான்கு முட்டை போட்டது. மிஸ்ஸி எப்போதும்போல எடுத்துப் புதைத்தார். தெர்மாமீட்டர், காலை ஆறு, மாலை ஆறு, சுவரில் புள்ளி. நான் திரும்பவும் போர்ட் கிள்ளானில் லோரிக்குப் போனேன். கிளம்பத் தோன்றும்போதெல்லாம் பெட்டியைப் பார்ப்பேன். எண்பது நாள் ஆயிற்று. மிஸ்ஸி எதையும் எதிர்பார்ப்பதாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் திரும்பியிருந்த நாற்காலி ஒருநாள் பெட்டிக்குப் பக்கத்தில் வந்திருந்தது.

எண்பத்தாறாம் நாள் காலை. நான் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். "இஞ்ச வாரும்," என்று கூப்பிட்டார். குரல் உயரவில்லை. வார்டில் அப்படித்தான் கூப்பிட்டிருப்பார்.

பெட்டியில் மணல் நடுவே குழிந்து, தெர்மாமீட்டர் சாய்ந்து கிடந்தது. குழியில் மணல் அசைந்தது. நின்றது. மறுபடியும் அசைந்தது. மேல்நோக்கிய ஒரு சின்ன மூக்கு வெளியே வந்தது, அதன் மேல் இரண்டு கண், மணல் ஒட்டிய கண்.

நான் கத்திவிட்டேன். திரும்பினால் மிஸ்ஸி இல்லை. உள்ளே போய்விட்டார். அழுவதற்குப் போயிருக்கிறார் என்று நினைத்தேன். அழட்டும் என்று நின்றேன். தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. நெடுநேரம் ஓடியது.

வந்தார். முழங்கை வரை கழுவியிருந்தார். வெள்ளைக் கைக்குட்டையை முக்கோணமாக மடித்து, மூக்கையும் வாயையும் மூடி, பின்னந்தலையில் இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தார்.

"மிஸ்ஸி, அது ஆமை லா. மனுசச் சீக்கு அதுக்கு ஒட்டாது."

"உமக்குத் தெரியுமோ?"

நான் பெட்டியை விட்டு விலகி வழிவிட்டேன்.

பெட்டிக்கு முன் மண்டியிட்டார். ஒரு கை தூரம் விட்டு. மூச்சுக்கு மூச்சு துணி உள்ளே ஒட்டி வெளியே வந்தது. குஞ்சு முழுதாக வெளிவந்து, மணல் மேட்டில் ஏறி, பெட்டியின் தாழ்ந்த விளிம்பில் புரண்டு, சிமெண்டுத் தரையில் விழுந்து நிமிர்ந்தது. உள்ளங்கையில் பாதி இருக்கும். கொல்லை அவ்வளவு பெரிதாகக் கிடக்க, அது நேரே மிஸ்ஸியின் முழங்காலைப் பார்த்து நடந்தது. அவர் முழங்காலைப் பின்னுக்கு இழுத்தார். அது விடவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தார். பின்னால் சுவர்.

"நீர் பிடியும்," என்றார். "கவனம். நல்லாப் பிடிச்சு எனக்குக் காட்டும்."

எடுத்தேன். உள்ளங்கையில் வைத்து நீட்டினேன். அதன் நகங்கள் குறுகுறுத்தன. மிஸ்ஸி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு, குனிந்து, அவ்வளவு கிட்டே முகத்தைக் கொண்டுவந்தார்.

"நாலு காலும் சரி," என்றார். "கண் திறந்து கிடக்கு."

பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் வாய்மேல் இருந்த துணி அசையவில்லை. பார்த்து முடிக்கும்வரை மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார்.